ஆயிரம் மடங்கு

வீட்டில் ரெக்கார்டிங் செய்கிற யாருடைய மேஜையிலும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் முகப்பில் 48 வோல்ட் என்று எழுதிய பொத்தான். கண்டென்சர் மைக் மாட்டினால் அதை அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் மைக் ஊமை. ஏன் 48? 24 ஆக இருந்திருக்கலாம். 50 என்று முழுசாக வைத்திருக்கலாம். காரணம் நார்வே நாட்டுக் குளிர்காலம். அங்கே டிசம்பரில் பகல் என்பது பேருக்குத்தான். அதனால் அந்நாட்டு வானொலியான என்.ஆர்.கே.யின் ஸ்டூடியோக்களில் துணை விளக்குகளுக்கென்று 48 வோல்ட் மின்சாரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1966-ல் பெர்லின் நாய்மன் கம்பெனிக்காரர்கள் புதிய டிரான்சிஸ்டர் மைக்குகளோடு போனபோது, மைக்குக்கென்று தனியாக இன்னொரு பவர் சப்ளை வேண்டாம், இருக்கிற மின்சாரத்திலேயே ஓடட்டும் என்று நார்வேக்காரர்கள் கேட்டார்கள். கேஎம் 84 என்ற மைக் அப்படித்தான் 48 வோல்ட்டில் ஓடத் தொடங்கியது. பின்னால் அதுவே தரநிர்ணயமாகி, இன்று சென்னையில் விற்கிற மலிவான இன்டர்ஃபேஸிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் மைக்கின் ஓசையைப் பெருக்குகிற ப்ரீஆம்பின் சரித்திரத்தில் பாதி இந்த மாதிரி சமாசாரம்தான். யாரோ ஒரு வானொலிக்காரருக்கோ ஸ்டூடியோ முதலாளிக்கோ ஒரு நெருக்கடி வந்திருக்கும். அதற்கு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டை நாம் இன்று பெயர் சொல்லி, விலை கொடுத்து வாங்குகிறோம்.

நான் கோடம்பாக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் கேபிள் சுற்றும் பையனாகச் சேர்ந்து, மிக்ஸிங் கன்சோல் முன்னால் உட்காரும் இடத்துக்கு வந்தவன். இப்போது வளசரவாக்கம் ஃபிளாட்டில் ஒரு படுக்கையறைதான் என் ஸ்டூடியோ. பாட்டு எழுதுகிற, பாடுகிற, மிருதங்கம் வாசிக்கிற பிள்ளைகள் வருவார்கள். வந்தவர்கள் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, எந்த ப்ரீஆம்ப் வாங்கலாம்?” மாடல் பெயர் சொல்லி அனுப்பிவிடலாம். எனக்கு ப்ரீஆம்பின் கதையைச் சொல்லாமல் பதில் சொல்ல வராது.

முதலில் ப்ரீஆம்ப் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஷ்யூர் எஸ்எம் 57 மைக்கின் முன்னால் ஒருவர் உரத்த குரலில் பேசினால் அதிலிருந்து வருவது சுமார் ஒன்றரை மில்லிவோல்ட். சாதாரணமாகப் பேசினால் அதில் பத்தில் இரண்டு மூன்று பங்கு. ஆனால் டேப் ரெக்கார்டரோ கம்ப்யூட்டருக்குள் போகும் கன்வெர்ட்டரோ எதிர்பார்ப்பது ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. அதைத்தான் நாங்கள் 60 டெசிபெல் கெயின் என்று சொல்கிறோம். அந்த ஆயிரம் மடங்கை வேறு எதையும் கூட்டாமல் குறைக்காமல் பெருக்கிக் கொடுப்பதுதான் ப்ரீஆம்பின் பிழைப்பு.

1925 வரை ரெக்கார்டிங்குக்கு இது தேவைப்படவில்லை. பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாய்க்கு முன்னால் பாடகர் நிற்பார், குரலின் பலம் மட்டுமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். கச்சேரி மேடையிலும் அதே கதை. சௌடையா ஏழு தந்தி வயலின் செய்துகொண்டது சத்தம் போதாமல்தான். தொலைபேசியில் கார்பன் மைக் இருந்தது. பேட்டரி மின்சாரத்தையே குரல் அசைப்பதால் அதில் சத்தத்துக்குக் குறைவில்லை, சுத்தம்தான் கிடையாது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வென்ட் என்ற பொறியாளர் 1916 வாக்கில் கண்டென்சர் மைக்கைச் செய்தார். சுத்தமோ சுத்தம், ஆனால் அதன் சத்தம் கொசு மூச்சு அளவு. மைக்குக்குள்ளேயே ஒரு வால்வு வைத்துப் பெருக்கினால்தான் கம்பி வழியே வெளியே வரும். லீ டி ஃபாரஸ்ட்டின் வால்வு பத்து வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருந்ததால் பிழைத்தது. 1925-ல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறையை விக்டரும் கொலம்பியாவும் வாங்கிக்கொண்டன. ஊதுகுழல் காலம் முடிந்தது. அடுத்து 1930களின் தொடக்கத்தில் ஆர்சிஏ 44 என்ற ரிப்பன் மைக் வந்தது. அது கண்டென்சரைவிடவும் மெல்லிய குரல்காரர். ப்ரீஆம்ப் இல்லாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் பேரமெல்லாம் இதன் மேல்தான். 1928-ல் பெல் ஆய்வகத்தின் ஜான்சன் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த மின்தடையிலும், அதில் எதுவும் இணைக்கப்படாமல் சும்மா கிடக்கும்போதும், வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைபாய்ந்து ஒரு சின்ன இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும் என்று அளந்து காட்டினார். கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் நைக்விஸ்ட். சாதாரண மைக்கின் தடை 150 ஓம் என்று வைத்துக்கொண்டால், அறை வெப்பத்தில் நம் காது கேட்கும் அகலத்துக்குள் அந்த இரைச்சல் சுமார் 0.22 மைக்ரோவோல்ட். டெசிபெல்லில் மைனஸ் 131. இதற்குக் கீழே எந்த ப்ரீஆம்பும் போக முடியாது. விலை லட்சமாக இருந்தாலும் முடியாது, அது இயற்கை போட்ட தரை. இன்றைய சாதாரண இன்டர்ஃபேஸ்கள் அந்தத் தரைக்கு மூன்று நான்கு டெசிபெல் மேலே நிற்கின்றன. ஆக, இரைச்சல் விஷயத்தில் மேற்கொண்டு வாங்குவதற்கு மீதி இருப்பது அந்த மூன்று டெசிபெல்தான். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மன் வானொலிகள் கையில் காசில்லாமல், ஆனால் ஒழுங்கில் குறையாமல், எல்லா நிலையங்களுக்கும் ஒரே அளவில் செருகி எடுக்கக்கூடிய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைச் செய்யச் சொல்லின. அதில் வந்ததுதான் வி 72. டெலிஃபுங்கன் பெயரில் பிரபலமென்றாலும் வேறு கம்பெனிகளும் செய்தன. கெட்டியான இரும்புப் பெட்டி, இரண்டு வால்வு, உள்ளே போக ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வெளியே வர ஒன்று. கெயின் 34 டெசிபெல், திருப்புவதற்குக் குமிழே கிடையாது. ஒன்று கெட்டால் உருவிவிட்டு இன்னொன்றைச் செருகலாம், ஒலிபரப்பு நிற்காது. அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

லண்டன் இசைத்தட்டுக் கம்பெனி ஈஎம்ஐ 40 டெசிபெல் தரும் வி 72 எஸ் ரகத்தை வாங்கித் தன் ரெட் 37 கன்சோலுக்குள் வைத்தது. 1963-ல் பீட்டில்ஸின் முதல் எல்பி அபே ரோடு இரண்டாம் ஸ்டூடியோவில் பதிவானது அதன் வழியாகத்தான். அடுத்து வந்த ரெட் 51 கன்சோலில் ஈஎம்ஐ தானே செய்த ரெட் 47 ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அந்தக் கட்டடத்தில் டெக்னிகல் ஆட்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நடப்பார்கள், மீட்டர் முள் எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்பதற்குச் சட்டம் உண்டு. 1968 ஜூலையில் ஜெஃப் எமெரிக் என்ற இளைஞர் அந்தச் சட்டத்தை உடைத்தார். ‘ரெவல்யூஷன்’ பாட்டுக்கு ஜான் லெனன் கிடாரை ஆம்ப் வைக்காமல் நேரடியாகக் கன்சோலில் செருகி, ஒரு ப்ரீஆம்பிலிருந்து வந்ததை இன்னொரு ப்ரீஆம்புக்குள் விட்டு, இரண்டையும் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினார். அதனால் வந்ததுதான் அந்தக் கிழிந்த தகர ஓசை. தானே ஸ்டூடியோ மேனேஜராக இருந்திருந்தால் தன்னை வேலையைவிட்டு அனுப்பியிருப்பேன் என்கிற பொருளில் அவரே பிற்பாடு எழுதினார். இன்று அதே ஓசைக்காக ரெட் 47-ன் நகலை விற்கிறார்கள். செய்தவர்கள் எதை வரக்கூடாது என்று பாடுபட்டார்களோ அதுதான் சரக்கு.

அமெரிக்காவில் பில் புட்னம் என்ற ஸ்டூடியோ முதலாளி சிகாகோவிலிருந்து 1957-ல் ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்து யுனைடெட் ஸ்டூடியோவைக் கட்டினார். அவருடைய 610 கன்சோலில் ஒவ்வொரு சேனலும் தனித்தனித் துண்டு. ஆம்ப், டோன் குமிழ், எக்கோ அனுப்பும் குமிழ் எல்லாம் ஒரே துண்டில். நடு ரெக்கார்டிங்கில் ஒன்று மக்கர் செய்தால் கழற்றி மாற்ற வேண்டியதுதான். அந்த வசதியின் அருமை, நாற்பது வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கக் கால்ஷீட் மணி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சேனல் கரகரவென்று செத்துப்போனதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். கோடம்பாக்கத்தில் அன்று எல்லாம் ஒரே டேக்கில் வாசிப்பது. சேனல் போனால் எல்லோருக்கும் டீ.

இனி ரூபர்ட் நீவ். 1926-ல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்து, அர்ஜென்டினாவில் வளர்ந்து, பையனாக இருந்தபோதே ரேடியோ செய்து விற்றவர். யுத்தத்தில் சிக்னல் படைப்பிரிவில் இருந்தார். திரும்பியதும் ஒரு பழைய அமெரிக்க ராணுவ ஆம்புலன்ஸை வாங்கி, அதற்குள் டிஸ்க் வெட்டும் சாமான்களை வைத்து ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார், பொதுக்கூட்டங்களுக்கு மைக் செட் போட்டார். நம் ஊர் கணக்கில் ஒரு சவுண்டு சர்வீஸ்காரர். 1961-ல் சொந்தக் கம்பெனி. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் லிட்டில் ஷெல்ஃபோர்ட் கிராமத்தில் ஒரு பழைய வீடு அவர்களுடைய தொழிற்சாலையாக இருந்தது. 1964-லேயே டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டார்.

1970-ல் லண்டன் வெஸ்ஸெக்ஸ் ஸ்டூடியோவுக்காக ஏ 88 என்று ஒரு கன்சோல் செய்தார்கள். அதன் சேனல் துண்டுக்கு வைத்த எண் 1073. உயரமாக, ஒல்லியாக, மூன்று விரல் அகலத்தில் ஒரு சாம்பல்நிற முகப்பு. மேலே சிவப்புக் குமிழ், ஐந்து ஐந்து டெசிபெல்லாக, ஒவ்வொன்றுக்கும் டக் டக்கென்று விரலில் தட்டுகிற மாதிரி திரும்பும். 80 டெசிபெல் வரைக்கும் போகும், அதாவது பத்தாயிரம் மடங்கு. உள்ளே மாரினேர் டிரான்ஸ்ஃபார்மர்கள். டிரான்சிஸ்டர்கள் கிளாஸ் ஏ முறையில் ஓடும். சும்மா இருக்கும்போதும் முழு மின்சாரம் குடித்துக்கொண்டு சூடாகவே இருக்கும் என்று அர்த்தம். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, ஓசை பலமாகும்போது அடிக்குரலை லேசாகத் திணற வைக்கிறது, கீழ் ஸ்தாயிக்குக் கொஞ்சம் சதை போடுகிறது. கம்பெனி இதை ஒரு அம்சமாக விற்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஹம்மைத் தடுக்கவும், இரைச்சல் சேராமல் முதல் சில மடங்கைப் பெறவும் அன்றைக்கு டிரான்ஸ்ஃபார்மரை விட்டால் நல்ல வழி இல்லை, அதனால் வைத்தார்கள்.

அந்தக் கன்சோல்கள் அப்படியே இருந்திருந்தால் நீங்களும் நானும் ப்ரீஆம்ப் என்ற சொல்லையே தனியாக உச்சரித்திருக்க மாட்டோம். ப்ரீஆம்ப் என்பது கன்சோலுக்குள் இருக்கும் ஒரு உறுப்பு, தனிச் சாமான் அல்ல. அதைத் தனிச் சாமான் ஆக்கியது 1980களின் காயலான்கடைதான். எஸ்எஸ்எல் கம்பெனி 1970களின் கடைசியிலிருந்து 4000 வரிசைக் கன்சோல்களை விட்டது. சேனலுக்குச் சேனல் கம்ப்ரஸர், மிக்ஸை நினைவில் வைக்கும் கம்ப்யூட்டர், வேண்டிய அளவு டிராக்குகள். பெரிய ஸ்டூடியோக்கள் பழைய நீவ் கன்சோல்களைத் தள்ளிவிட்டன. பதினாறு, இருபத்துநாலு சேனல் வைத்த பழசு யாருக்கு வேண்டும்? கெப்பாசிட்டர் வேறு காய்ந்துபோயிருந்தது. புரோக்கர்கள் முழுசாக வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து, இரண்டிரண்டாகப் பெட்டியில் போட்டு பவர் சப்ளை வைத்து விற்றார்கள். இன்ஜினியர்கள் அந்தப் பெட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டுபோய், எஸ்எஸ்எல் இருந்த ஸ்டூடியோவில் பாடகருக்கு மட்டும் அதை மாட்டினார்கள். கழித்துக் கட்டியவர்களே திரும்பி வாடகைக்கு எடுத்த கதை இது. நியூயார்க்கின் ஏபிஐ கன்சோல் துண்டுகளுக்கும் இதே கதி, இதே மோட்சம். இன்று 500 சீரிஸ் என்று எல்லாரும் வாங்கும் குட்டித் துண்டுகளின் அளவு ஏபிஐ கன்சோலின் துளையளவுதான்.

துண்டாகாமல் தப்பியதும் உண்டு. லாஸ் ஏஞ்சலீஸின் சவுண்ட் சிட்டியில் இருந்த நீவ் 8028-ல்தான் 1991-ல் நிர்வாணா ‘நெவர்மைண்ட்’டைப் பதிவு செய்தது. அந்த ஸ்டூடியோ 2011-ல் மூடியபோது, அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல் கன்சோலை முழுசாக வாங்கித் தன் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், அதைப் பற்றி ஒரு படமும் எடுத்தார். காசிருந்தால் பக்தியை அப்படியும் காட்டலாம்.

நீவ் 1975-ல் தன் பெயர் கொண்ட கம்பெனியைவிட்டு வெளியேறியிருந்தார். 1985-ல் ஃபோக்கஸ்ரைட் என்று இன்னொன்றைத் தொடங்கினார். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோ மான்செராட் தீவில் வைத்திருந்த கன்சோலுக்குக் கூடுதல் சேனல்கள் கேட்டதில்தான் ஐஎஸ்ஏ 110 என்ற துண்டு பிறந்தது. கம்பெனி நொடித்து, 1989-ல் ஃபில் டட்ரிட்ஜ் என்பவர் கைக்கு மாறியது. அதே ஃபோக்கஸ்ரைட்தான் 2002-ல் டிஜிடிசைனின் எம்பாக்ஸ் இன்டர்ஃபேஸுக்குள் ப்ரீஆம்ப் கொடுத்தது, 2011-ல் சிவப்பு ஸ்கார்லெட் 2ஐ2 பெட்டியை விட்டது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் மேஜையில் இருப்பது அதுதான். ஆனால் அதற்குள் நீவ் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. 1980களிலேயே ப்ரீஆம்பின் முக்கியமான பாகத்தை ஒரு சிப்புக்குள் அடக்கிவிட்டார்கள். ஜான்சன் அளந்த தரைக்குப் பக்கத்தில் நிற்கும் சிப், சில நூறு ரூபாய்க்கு.

வீட்டு ரெக்கார்டிங் அதற்கும் முந்தியது. 1979-ல் டியாக் விட்ட போர்ட்டாஸ்டூடியோ 144, கேசட்டில் நாலு டிராக். 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சி வீட்டில் இரண்டு எஸ்எம் 57-ஐ அதில் நேரடியாகச் செருகிப் பாடி வைத்தார். பாண்டோடு ஸ்டூடியோவில் மறுபடி பாடிப் பார்த்தும் ஒப்பவில்லை. அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வெளிவந்தது. அந்தப் பெட்டியின் ப்ரீஆம்பை நல்லது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நம் ஊரில் 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறம் பஞ்சதன் ரெக்கார்ட் இன்னை அமைத்தார். 1992-ல் ‘ரோஜா’ பாட்டுகள் வந்தபோது, பெரிய தியேட்டர்களில் இருந்த நாங்கள் அந்த ஓசையின் துல்லியத்தைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு டிராக் ஏடாட் மெஷினும் அதே வருஷம்தான் கடைக்கு வந்தது. கன்சோல் இல்லாமல் ரெக்கார்டர் மட்டும் வாங்க முடியும் என்றானதும், தனி ப்ரீஆம்புக்குச் சந்தை நிலைத்துவிட்டது. 1999-ல் புட்னத்தின் பிள்ளைகள் அப்பா கம்பெனியைத் தூசு தட்டி எடுத்து, பிறகு 610-ஐ இரண்டு சேனல் பெட்டியாக விற்கத் தொடங்கியதும் இந்தச் சந்தையை நம்பித்தான்.

சரி, எது வாங்குவது? போன மாதம் வந்த ஒரு தம்பி வீணை வாசிப்பவன், கூட இருக்கும் நண்பன் நாதஸ்வரம். நாதஸ்வரத்துக்கு ப்ரீஆம்ப் தேடுவது வீண். அதன் வாய்ப்பகுதியான அணைசுக்கு முன்னால் எந்த மைக் வைத்தாலும் கெயின் குமிழ் கீழேயே கிடக்கும், பல நேரம் 20 டெசிபெல் குறைக்கும் பேட் சுவிட்சைத்தான் போட வேண்டிவரும். மிருதங்கமும் ஏறக்குறைய அப்படித்தான். வீணை வேறு ஜாதி. அவனிடம் பழைய ரிப்பன் மைக் ஒன்று இருந்தது. இரண்டடி தள்ளி வைத்து மந்திர ஸ்தாயியில் ஒரு கமகத்தைப் பதிவு செய்தால் 60 டெசிபெல்லுக்கு மேல் போக வேண்டும். அவன் இன்டர்ஃபேஸ் குமிழின் கடைசிக் கால்வாசியில் ஸ்ஸ் என்று ஒரு சீறல் ஏறும். இங்கேதான் அந்த மூன்று டெசிபெல்லுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த நல்ல ப்ரீஆம்புக்கும் அர்த்தம் உண்டு.

ஆனால் அவன் போட்டுக் காட்டிய பதிவில் சீறலைவிடப் பெரிதாக ஒரு ‘ம்ம்’ இருந்தது. 50 ஹெர்ட்ஸ், நம்ம மின்வாரியத்தின் ஆதார சுருதி. வீட்டில் எர்த் சரியில்லை. அடுத்த அறை ஃபேன் ரெகுலேட்டரின் கரகரப்பும் அதன் மேல் ஏறியிருந்தது. இதை எந்த நீவும் சரிசெய்ய மாட்டார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லு, ரெகுலேட்டரை மாற்று, மைக்கைச் சுவரிலிருந்து தள்ளி வை, பிறகு வா என்று அனுப்பினேன்.

போன வாரம் திரும்ப வந்தான். ஹம் போயிருந்தது. இப்போது சீறல் மட்டும் தனியாகக் கேட்டது. என்னிடம் இருக்கும் இரண்டு சேனல் டிரான்ஸ்ஃபார்மர் ப்ரீஆம்பை வீணைப் பதிவுக்கு மட்டும் எடுத்துப்போகச் சொன்னேன். அவன் நண்பன் நாதஸ்வரத்துக்கும் அதைக் கேட்டான். உனக்கு எதுக்குடா என்றேன்.